லிஃப்டா, சாயமா? ஜேஎம்பி பொதுக்கூட்டத்தில் வாக்குச் சேர்க்கும் வழி

கோலாலம்பூரின் பழைய அடுக்குமாடிகளில் அடிக்கடி எழும் வழக்கு இது: சிங்கிங் ஃபண்டில், அதாவது பெரிய வேலைகளுக்காக உரிமையாளர்களிடம் சேர்த்து வைக்கும் நிதியில், இருப்பது ஒரு வேலைக்குத்தான் போதும். லிஃப்டை மாற்றுவதா, கட்டடத்துக்குச் சாயம் அடிப்பதா? 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டம் இரண்டுக்குமே அந்த நிதியைத் தொட விடுகிறது. முடிவு, கட்டடத்தைக் கவனிக்கும் ஜேஎம்பி என்ற கூட்டு நிர்வாக அமைப்பின் பொதுக்கூட்டத்தில், வீட்டு உரிமையாளர்கள் கையில். உங்கள் கட்சி லிஃப்ட் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 14 நாள் முன்னதாக அறிவிப்பு வரும். உங்கள் தீர்மானத்தை எழுத்து மூலம், கூட்டத்துக்குக் குறைந்தது 7 நாள் முன்பே செயலாளரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். "லிஃப்ட் பிரச்சினையைக் கவனிக்க வேண்டும்" என்று எழுதினால் வீண். எந்த பிளாக், எத்தனை லிஃப்ட், எத்தனை வெள்ளிக்கு (ரிங்கிட்) மிகாமல், எந்த நிதியிலிருந்து, எந்த மாதத்துக்குள் என்று எழுதுங்கள். சாயத்தையும் லிஃப்டையும் ஒரே தீர்மானத்தில் சேர்க்க யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒன்றை வெறுப்பவர் இரண்டையும் தோற்கடிப்பார்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான்: கூட்டத்துக்கு 7 நாள் முன்பு பராமரிப்புக் கட்டணமோ சிங்கிங் ஃபண்டோ பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்கில்லை. வாய் நிறைய ஆதரவு சொல்லும் பக்கத்து வீட்டு அண்ணன் மூன்று மாதப் பாக்கி என்றால் அவர் கணக்கில் சேர மாட்டார். ஆகவே வீடு வீடாகப் போகும்போது முதல் பேச்சே "அக்கா, பாக்கி கட்டிட்டீங்களா?" என்றுதான் இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள்தான் தினமும் படியேறித் தவிப்பவர்கள், ஆனால் வாக்கு உரிமையாளருடையது. வர முடியாதவர் ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம். படிவம் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே அலுவலகம் சேர வேண்டும். ஒருவர் ஓர் உரிமையாளருக்கு மட்டுமே பிரதிநிதி. பத்துப் படிவத்தை ஒரே ஆளிடம் குவித்தால் ஒன்பது செல்லாது.

பேச்சு ஆளுக்கு ஆள் மாறட்டும். பத்தாவது மாடிப் பாட்டிக்கு லிஃப்டைப் பற்றி விளக்கவே வேண்டாம். தரைத்தளத்துக்காரரும், வேறு ஊரில் இருந்துகொண்டு வீட்டை வாடகைக்கு விட்டவரும்தான் கடினம். பின்னவருக்குச் சாயம் பிடிக்கும், படத்தில் வீடு அழகாகத் தெரியும். அவரிடம் பழுது பார்த்த ரசீதுகளைக் காட்டுங்கள்: ஓராண்டில் எத்தனை முறை நின்றது, எவ்வளவு செலவானது. லிஃப்ட் நிற்கும் வீட்டில் வாடகைக்காரர் நிலைக்க மாட்டார் என்பது அவருக்கே தெரியும். மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகளையும் ஒரே பக்கத்தில் தமிழ், மலாய், சீன மொழிகளில் போடுங்கள். சாயக்காரர்களைக் கிண்டல் செய்யாதீர்கள். அவர்கள் கோரிக்கை நியாயமானது, அடுத்த முறை அதற்கு நீங்களே கை தூக்குவதாகச் சொன்னால் சிலர் இப்போதே இறங்கி வருவார்கள்.

கூட்டத்தில் பாதிப் பேர் வராவிட்டால் அரை மணி நேரம் காத்திருப்பார்கள். அதன்பின், வாக்குள்ளவர்களில் வந்தவர்களே கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை; எனவே உங்கள் ஆட்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடக் கூடாது. கை தூக்கும்போது வீட்டுக்கு ஒரு வாக்கு. யாராவது 'போல்' (poll) என்ற எண்ணிக்கை வாக்கெடுப்பைக் கேட்டால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்கு அலகுப்படி எண்ணுவார்கள், பெரிய வீட்டுக்குக் கனம் கூடும். உங்கள் ஆதரவு சிறிய வீடுகளில் என்றால் 'போல்' கேட்காதீர்கள்; பெரிய வீடுகளில் என்றால் தயங்காமல் கேளுங்கள். ஜெயித்தால், தொகையின் உச்சவரம்பும் கெடுவும் கூட்டக் குறிப்பில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.