பழைய காரின் உள்கண்ணாடி நடுங்கினால்

எங்கள் மாரிஸ் மைனர் தாத்தா காலத்து வண்டி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருந்து ஹிக்கின்சன் ஹைவேயில் ஏறினால் போதும், உள்கண்ணாடி நடுங்க ஆரம்பித்துவிடும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது மினிபஸ் டாக்சியா பக்கியா (எங்கள் ஊர் பிக்கப் வண்டி) என்றுகூடத் தெரியாது, வெள்ளையாக ஏதோ ஒன்று ஆடும், அவ்வளவுதான். ஒரு கராஜில் கண்ணாடியையே மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். புதுசும் நடுங்கியது.

அதனால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு மெதுவாக ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். நிற்கும்போதே ஆடினால் காரணம் எஞ்சின் பக்கம். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கும்; நிமிடத்துக்கு 900 சுற்று ஓடினால் விநாடிக்கு 30 உதை. கண்ணாடிக் கம்பிக்கென்று ஒரு ஆட்ட வேகம் உண்டு, உதை அதோடு ஒத்துப்போகும்போதுதான் துள்ளும், வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் அடங்கிவிடும். இத்தனை வருஷத்தில் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் கல்லாகியிருக்கும், இல்லையென்றால் ஆயிலில் ஊறி உப்பியிருக்கும். பிளக் ஒன்று சரியாக அடிக்காவிட்டாலும் இதே கதை. நிற்கும்போது சும்மா இருந்து, ஓடும்போது குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஆடுகிறதா? முதலில் டயர் பேலன்ஸ் பாருங்கள்.

சரி, இனி கண்ணாடி. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை இரண்டு விரலால் அழுத்திப் பிடியுங்கள். பிடித்ததும் நடுக்கம் நின்றால் கம்பியின் அடித்தட்டு லூஸ். கம்பி அசையாமல் கண்ணாடி மட்டும் ஆடினால் பின்னால் இருக்கிற குண்டு மூட்டு லூஸ்.

அடித்தட்டைக் கழற்றியபோது ஒரு ஸ்க்ரூ துருப்பொடியாகக் கையோடு வந்தது. டர்பன் கடல் காற்று எதைத்தான் விட்டுவைக்கிறது? துருவைச் சுரண்டி எடுத்து, ஓட்டை பெரிசாகியிருந்தால் ஒரு சைஸ் தடித்த ஸ்க்ரூ போடுங்கள், ஆனால் நீளம் பழையதுதான் இருக்க வேண்டும், நீளமாகப் போட்டால் கூரைத் தகட்டில் போய் முட்டும். அடியில் மொத்தமான ஸ்பாஞ்ச் வைத்தால் அதிர்வைக் குடித்துவிடும் என்று நானும் நினைத்தேன். வைத்தேன், முன்னைவிட மோசமாக ஆடியது. மெத்தையில் நட்ட கம்பு எப்படி நிற்கும்? சைக்கிள் ட்யூபில் இருந்து வெட்டிய ஒற்றை மடிப்பு ரப்பர் போதும், அதன் மேல் இறுக்கமாக முடுக்குங்கள்.

குண்டு மூட்டில் ஸ்க்ரூ இருந்தால் கழற்றி, பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு முடுக்குங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் லேசாக நடுங்கினால், அப்புறம் தூண்டில்காரர்களின் வைத்தியம்தான். ஒரு ஈயக்குண்டைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, கண்ணாடியின் முதுகில் நடுவாக, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் ஒட்டுங்கள். எடை கூடினால் கண்ணாடி ஆடும் வேகம் குறையும், எஞ்சின் உதையோடு ஒத்துப்போகாது. எனக்கு 30 கிராம் சரியாக இருந்தது. 60 போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணாடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.