டிரையத்லான்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தனித்தனியே நன்றாகச் செய்பவர்கள்கூட, மூன்றையும் இடைவிடாமல் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லானில் திணறுவதுண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடங்களைப் பழகாமல் வருவதுதான் பெரும்பாலும் காரணம். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட ஸ்பிரின்ட் போட்டியிலேயே இது தெரிந்துவிடும்.

முதலில் தண்ணீர். உயிருக்கு ஆபத்து அதிகம் இங்கேதான். நீச்சல் குளத்தில் மட்டும் பழகிவிட்டு ஏரியிலோ கடலிலோ போட்டிக்கு இறங்கக் கூடாது. குளத்தில் அடியில் ஒரு கோடு வழிகாட்டும், சுவரைத் தொட்டு மூச்சு வாங்கலாம். திறந்த நீரில் இரண்டும் கிடையாது. நேராகப் போவதாக நினைத்துக்கொண்டே ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுவோம். 6 முதல் 10 கைவீச்சுக்கு ஒருமுறை, பாதையைக் காட்டும் மிதவை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தலையை முழுவதும் தூக்கினால் இடுப்பும் காலும் அமிழ்ந்துவிடும். முதலையைப் போலக் கண் மட்டும் நீருக்கு மேலே வந்தால் போதும். மூச்சை வழக்கம்போல் பக்கவாட்டில் திரும்பி எடுத்துக்கொள்ளலாம்.

விசில் ஊதியதும் கூட்டத்தோடு பாய்வது அடுத்த தவறு. குளிர்ந்த நீர் உடலில் பட்டதும் மூச்சு தானாக வேகமெடுக்கும். அதோடு முழு வேகத்தில் நீந்தினால் மூச்சு முட்டி, பதற்றம் தொற்றிக்கொள்ளும். அனுமதி இருந்தால் 5 முதல் 10 நிமிடம் முன்பே நீரில் இறங்கி முகத்தை நனைத்துப் பழகுங்கள். புதியவர்கள் ஓரத்திலோ பின்வரிசையிலோ நின்று, முதல் 200 மீட்டரை வேண்டுமென்றே மெதுவாக நீந்தலாம். மூச்சை அடக்கிக்கொண்டு நீந்தாமல், முகம் நீருக்குள் இருக்கும்போதே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதற்றம் வந்தால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். மிதவையையோ பாதுகாப்புப் படகையோ பிடித்து ஓய்வெடுக்கப் பொதுவாக விதிகள் இடம் தருகின்றன, அதைப் பிடித்து முன்னேறக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் டிரான்சிஷன் பகுதியில் தவறு சின்னது, தண்டனை நிச்சயம். சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுப்பதற்கு முன்பே ஹெல்மெட் வார் பூட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகுதான் கழற்றலாம். ஷூவுக்கு எலாஸ்டிக் லேஸ் போட்டால் ஈரக் கையோடு முடிச்சுப் போடும் வேலை மிச்சம். நீரிலிருந்து வெளியேறும் இடத்திலிருந்து உங்கள் சைக்கிள் வரை காலையிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள். நூற்றுக்கணக்கான சைக்கிள்களுக்கு நடுவே சொந்தச் சைக்கிளைத் தேடி அலைபவர்கள் எல்லாப் போட்டியிலும் உண்டு.

சைக்கிளில் கனமான கியரை மிதித்துத் தொடையைத் தீர்த்துவிட்டால் அதன் விலையை ஓட்டத்தில் கொடுக்க வேண்டிவரும். நிமிடத்துக்கு 85 முதல் 95 பெடல் சுற்று என்ற வேகத்தில் லேசாக மிதித்து, கடைசி ஒரு கிலோமீட்டரில் இன்னும் இலகுவான கியருக்கு மாறுங்கள். அப்படியும் இறங்கி ஓடும்போது கால் மரக்கட்டை போல இருக்கும். அதற்கு மருந்து பிரிக் பயிற்சி: வாரம் ஒருமுறை 40 நிமிடம் சைக்கிள், இறங்கிய உடனே 10 நிமிடம் ஓட்டம்.

ஸ்பிரின்ட்டுக்குத் தண்ணீரே பெரும்பாலும் போதும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் போட்டியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஓடும்போது வயிறு குலுங்கும் என்பதால் பெரும்பகுதியைச் சைக்கிளிலேயே முடித்துவிடுங்கள். பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எனர்ஜி ஜெல்லை (மாவுச்சத்து கூழ்)ப் போட்டி நாளில் தொடவே வேண்டாம். தாகம் இல்லாமல் லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும்; அது உயிரையே பறிக்கக்கூடும்.

குழந்தைகளுக்குப் பயிற்சி தருபவர்கள் பெரியவர்களின் அட்டவணையைச் சுருக்கிக் கொடுப்பது எங்கள் பார்வையில் மிக மோசமான தவறு. ஒழுங்கமைத்த பயிற்சி, வாரத்துக்குக் குழந்தையின் வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது: பத்து வயதுக்கு அதிகபட்சம் 10 மணி, அதுவும் பள்ளி விளையாட்டையும் சேர்த்து. வேகமாக உயரம் கூடும் மாதங்களில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி என்று குழந்தை சொன்னால், அது சோம்பேறித்தனம் அல்ல. தசைநார் எலும்பில் பிடிக்கும் இடம் இழுபடுகிறது. ஓட்டத்தையும் குதித்தலையும் குறைத்து, வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

“வளர்ந்துவிடுவான்” என்று பெரிய சைக்கிள் வாங்கித் தருவதும் வேண்டாம். சீட்டில் உட்கார்ந்தபடி முன்பாதம் தரையைத் தொட வேண்டும், பிரேக் நெம்புகோல் விரலுக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் நெம்புகோலின் திருகைத் திருப்பிக் கைப்பிடிக்கு அருகே கொண்டுவரலாம்.

நீருக்கடியில் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டியைக் குளத்தில் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால், மூச்சுவிட வேண்டும் என்ற உந்துதல் வருவதற்குள்ளேயே நினைவு தப்பிவிடும், சத்தமே இல்லாமல். ஸ்டாப்வாட்ச்சைப் பார்ப்பவர் வேறு, தண்ணீரைப் பார்ப்பவர் வேறாக இருக்க வேண்டும்; இறங்கும்போதும் ஏறும்போதும் தலைகளை எண்ணுங்கள்.