விதையிலிருந்து வீனஸ் ஈப்பொறி

பூச்சிகளைப் பிடித்து உண்ணும் வீனஸ் ஈப்பொறிச் செடியை விதை போட்டு வளர்க்க நினைப்பவர் முதலில் அதன் நாட்கணக்கை ஏற்றுக்கொள்ள வேண்டும். விதை முளைப்பதற்கு இரண்டு முதல் ஐந்து வாரமும், முளைத்த நாற்று இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள பொறிகளோடு முழுச்செடியாக நிற்பதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டும் ஆகும். அவ்வளவு காலம் பொறுக்க மனமில்லாதவர்கள் வளர்ந்த செடியை வாங்கிக்கொள்வதே நல்லது. அதில் குறையொன்றும் இல்லை. பொறுக்க முடிகிறவர்களுக்கு இந்தச் செடி பெரிய வேலை எதுவும் வைப்பதில்லை. நான் பார்த்த வரையில், வீட்டில் வளர்க்கப்படும் ஈப்பொறிகளில் கவனிப்பாரற்றுச் சாகின்றவை குறைவு. நல்ல தோட்டமண், உரம், குழாய்த் தண்ணீர், இதமான நிழல் என்று மற்றச் செடிகளுக்கு நாம் ஆசையாகச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்வதால் சாகின்றவையே அதிகம்.

அதற்கான காரணம் இச்செடி பிறந்த மண்ணில் இருக்கிறது. உலகிலேயே இது இயற்கையாக வளர்வது அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளியில் மட்டும்தான். அதிலும் பெரும்பகுதி வில்மிங்டன் நகரைச் சுற்றியுள்ள சிறு வட்டாரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அங்கே மண் எப்போதும் ஈரமாகவும், புளிப்புத்தன்மையோடும், தழைச்சத்து ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். அவ்வப்போது எழும் காட்டுத்தீ உயரமான புதர்களை அழித்துவிடுவதால், தரையோடு தரையாகக் கிடக்கும் இச்செடிக்கு நாள் முழுவதும் வெயில் கிடைக்கிறது. மண்ணில் கிடைக்காத தழைச்சத்தைப் பூச்சிகளின் உடலிலிருந்து எடுத்துக்கொள்ளவே இலைநுனி பொறியாக மாறியிருக்கிறது. மற்றபடி இதுவும் வெயிலில் உணவு சமைக்கும் சாதாரணப் பச்சைச் செடிதான். (ஈப்பொறி என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர, காட்டில் இதற்கு அதிகமாகச் சிக்குபவை எறும்புகளும் சிலந்திகளும்தான்.) காட்டுச் செடிகளைப் பிடுங்கி விற்பவர்களின் தொல்லை பெருகியதால், 2014 முதல் வட கரோலினாவில் அப்படிப் பிடுங்குவது கடுங்குற்றமாக்கப்பட்டுள்ளது. விதையிலிருந்து வளர்ப்பதில் அந்த உறுத்தல் இல்லை.

விதை

உண்மையான ஈப்பொறி விதை கறுப்பாக, பளபளப்பாக, பேரிக்காய் வடிவில், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். எள்ளைவிடச் சிறியது. நீலப் பொறி, ஊதாப் பொறி என்று படம் போட்டு இணையத்தில் விற்கப்படும் விதைகள் ஏமாற்று வேலை. இச்செடியின் பொறி பச்சையாகவோ, உட்புறம் சிவந்தோ, முழுச் சிவப்பாகவோதான் இருக்கும். நான் முதன்முதலில் வாங்கிய பொட்டலத்தில் பழுப்பு நிறத்தில் தட்டையாக ஏதோ இருந்தது. முளைத்த பிறகுதான் அது புல் என்று தெரிந்தது. தனிப் பெயர் சூட்டப்பட்ட தோட்ட ரகங்களின் விதையை வாங்குவதிலும் பொருளில்லை, ஏனெனில் விதை வழியாகப் பிறக்கும் செடி தாயைப் போலவே இருக்கும் என்ற உறுதி கிடையாது. விதை எவ்வளவு புதியதோ அவ்வளவு நல்லது. உடனே விதைக்க முடியாவிட்டால் காகிதத்தில் மடித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். உறைபெட்டியில் வைக்கக் கூடாது.

மண்ணும் தண்ணீரும்

உரம் கலக்காத ஸ்பேக்னம் பீட் பாசியையும் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) பெர்லைட்டையும் (சூட்டில் பொரிந்த வெள்ளை எரிமலைக்கல் துணுக்குகள்) சம அளவில் கலந்தால் போதும். பெர்லைட்டுக்குப் பதிலாக நன்றாகக் கழுவிய சிலிக்கா மணலும் ஆகும். கடல் மணலும் கட்டுமான மணலும் ஆகா. கடையில் வாங்கும் பீட் பையில் ‘ஊட்டச்சத்து சேர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தாலும் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். தென்னை நார்க்கழிவைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அதில் உப்பு மிகுந்திருக்கும் என்பதால், பலமுறை ஊறவைத்து அலசி, வடிநீரில் உப்பு குறைந்ததை அளந்து பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும். சுட்ட மண் தொட்டியிலிருந்தும் தாதுக்கள் கசியும்; ஆகவே இச்செடிக்குப் பிளாஸ்டிக் தொட்டியே ஏற்றது.

தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மழைநீர், வாலைவடி நீர், ஆர்.ஓ. நீர் ஆகிய மூன்றில் ஒன்றுதான். கரைந்துள்ள உப்பின் அளவு 50 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கு நீரில் 50 பங்கு) கீழே இருக்க வேண்டும். இதை அளக்கும் சிறிய டி.டி.எஸ். மீட்டர் எளிதில் கிடைக்கும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்களில் சில, சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கின்றன என்பதால் அந்த நீரையும் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கொதிக்கும்போது நீர் ஆவியாகிப் போகிறதே தவிர, அதில் கரைந்துள்ள உப்பில் பெரும்பகுதி மிஞ்சிய நீரிலேயே தங்கிவிடும். உப்பு மண்ணில் சேரச் சேர வேர் கருகும். அது ஒரே வாரத்தில் தெரிவதில்லை. சில மாதங்களுக்குப் பின் செடி காரணமில்லாமல் வாடுவதுபோல் தோன்றும்.

விதைப்பு

கலவையை நல்ல நீரில் நனைத்து, கையில் பிழிந்தால் சில துளி சொட்டும் பதத்துக்குக் கொண்டுவந்து, 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் அழுத்தாமல் நிரப்ப வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தை நடுவில் மடித்து, மடிப்பில் விதைகளைக் கொட்டி, பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டால், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் விழச் செய்யலாம். விதையின் மேல் மண் போடக் கூடாது. அது மேற்பரப்பில் வெளிச்சம் பட்டுக் கிடக்க வேண்டும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதைகள் ஓர் ஓரத்தில் ஒதுங்கிவிடும் என்பதால், தொட்டியை ஒரு தட்டில் வைத்து, தட்டில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்துவதே முறை.

ஈரம் காயாமலிருக்க ஒளி ஊடுருவும் மூடி போட்டு, 20 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பமும் நல்ல வெளிச்சமும் உள்ள இடத்தில் வைக்கலாம். மூடிய தொட்டியை நேர் வெயிலில் மட்டும் வைக்கக் கூடாது. முழு வெயில் வேண்டும் என்று படித்துவிட்டு நான் அப்படி வைத்த முதல் தட்டு ஒரே மதியத்தில் வெந்துபோனது. பூஞ்சை பிடிக்காமலிருக்க நாளொருமுறை மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள்.

விதைப்பதற்கு முன் குளிர் காட்ட வேண்டுமா என்பதில் வளர்ப்பவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. புதிய விதைக்கு அது கட்டாயமில்லை என்பது என் கருத்து. நாள்பட்ட விதையானால், ஈரமான காகிதத்தில் சுற்றி, உறையிலிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் நான்கு வாரம் வைத்து எடுத்தால் முளைப்பு முன்பின்னாக இல்லாமல் ஒரேயடியாக நிகழ்கிறது.

முதல் ஆண்டு

முதலில் வெள்ளை வேர் ஒன்று மண்ணைத் தேடி வளையும். பிறகு, காலியான கறுப்பு விதையுறையைத் தொப்பிபோல் தலையில் சுமந்துகொண்டு இரண்டு ஒல்லியான வித்திலைகள் எழும். அந்தத் தொப்பியைக் கழற்ற விரல் துறுதுறுக்கும். கழற்றினால் வித்திலையும் கூடவே பிய்ந்து வரும். ஒரு சொட்டு நீர் விட்டு ஊறவைத்தால் தானே கழன்றுவிடும். அடுத்து வரும் இலையிலேயே பொறி இருக்கும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாத அந்தப் பொறிக்கும் ஓரத்தில் பற்கள் இருக்கும். அதுவும் பெரிய பொறியைப் போலவே மூடும்.

பொறி வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் உணவூட்ட முடியும். பொறியின் இரண்டு மடல்களில் ஒவ்வொன்றிலும் வழக்கமாக மூன்று உணர்மயிர்கள் இருக்கும். ஏறத்தாழ 20 விநாடிக்குள் இரண்டு முறை அவை தொடப்பட்டால், பொறி கண்ணிமைக்கும் நேரத்தில் மூடிக்கொள்ளும். ஆனால் மூடியதும் செரிமானம் தொடங்கிவிடுவதில்லை. உள்ளே அகப்பட்டது துடித்து மேலும் சில முறை மயிரைத் தொட வேண்டும்; ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ ஐந்து தொடுதலுக்குப் பிறகே செரிமான நீர் சுரக்கும் ஏற்பாடு நடக்கிறது. ஆகவே செத்த இரையை வைத்துவிட்டு நகர்ந்தால், துடிப்பு எதுவும் இல்லாததால் பொறி ஒருநாளில் வெறுமனே திறந்துகொள்ளும்.

நாற்றுக்கு மீன் உணவாக விற்கப்படும் உலர்ந்த இரத்தப்புழு மிகவும் வசதியானது. ஒரு புழுவை நீரில் ஊறவைத்து, பொறியின் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத துணுக்காக நறுக்கி, ஊசி முனையில் எடுத்துப் பொறிக்குள் வைத்து மயிரைத் தொட்டு மூடச் செய்து, பிறகு மூடிய பொறியின் இரு புறத்தையும் பல்குத்தும் குச்சியால் அரை நிமிடம் மிக மெதுவாக வருட வேண்டும். செடிக்கு ஒரு பொறி என்று, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். ஊட்டாத நாற்றும் வளரும், ஆனால் மெதுவாக வளரும். இறைச்சித் துண்டு, பாலாடைக்கட்டி போன்றவற்றை வைத்தால் பொறி அழுகும். ஒரு பொறி தன் ஆயுளில் சில முறை மட்டுமே மூடித் திறக்கும் என்பதால், விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்ட விரலை விட்டு மூடவைப்பது செடியைப் பட்டினி போடுவதற்குச் சமம். கறுத்த பொறியை நறுக்கிவிடலாம். பழைய பொறி கறுப்பதும் புதியது வருவதும் இயல்பு.

மாற்றி நடுதலும் வெயிலும்

நாற்றுகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கும்போது, பெரும்பாலும் ஓராண்டுக்குப் பின், தனித்தனித் தொட்டிக்கு மாற்றலாம். அடியிலுள்ள வெள்ளைக் கிழங்கு மண்ணுக்குள்ளும், பச்சை தொடங்கும் இடம் மேலேயும் இருக்க வேண்டும். அதன் பிறகு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, செடியின் குளிர்கால உறக்கம் முடியும் தறுவாயில், மண்ணை முழுவதுமாக மாற்ற வேண்டும்.

வேர் பிடித்த செடியைச் சில வாரங்களில் சிறிது சிறிதாகப் பழக்கி, குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் நேர் வெயில் படும் இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வெயில் போதாத செடியின் இலை நீண்டு துவளும், பொறி சிறுக்கும், உட்புறச் சிவப்பு வெளுக்கும். இலை சுருண்டும் கோணியும் வந்தால் அசுவினிப் பூச்சியைச் சந்தேகியுங்கள். தொட்டியோடு செடியை நல்ல நீரில் ஒன்றிரண்டு நாள் மூழ்கடித்து வைப்பது மருந்தடிப்பதைவிடப் பாதுகாப்பானது.

உறக்கம்

மூன்று, நான்கு மாதக் குளிர் உறக்கம் இச்செடிக்கு அவசியம். பகல் குறுகி, வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது பெரிய இலைகள் கருகி, தரையோடு ஒட்டிய சில குட்டி இலைகள் மட்டும் மிஞ்சும். செடி செத்துவிட்டது என்று அப்போது தூக்கி எறிந்தவர்கள் பலர். கிழங்கு வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருந்தால் உயிர் இருக்கிறது. இந்தக் காலத்தில் மண் ஈரமாக இருந்தால் போதும். தட்டில் நீர் நிறுத்த வேண்டாம், இரையும் வேண்டாம். குளிர்காலமே இல்லாத இடத்தில், செடியை எடுத்துக் கழுவி, காய்ந்த இலைகளை நீக்கி, பிழிந்த ஈரப்பாசியில் பொதிந்து, உறையிலிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதம் வைக்கலாம். மாதம் ஒருமுறை பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் ஆண்டு நாற்றுக்கு இதைச் செய்ய வேண்டியதில்லை. அவ்வளவு சிறிய கிழங்கு பெட்டியில் அழுகிவிடும் வாய்ப்பே அதிகம்.

பூ

மூன்றாவது அல்லது நான்காவது ஆண்டில், உறக்கம் கலைந்ததும், இலையைப் போலத் தட்டையாக இல்லாமல் உருண்டையாக ஒரு தண்டு நடுவிலிருந்து எழுந்தால் அது பூத்தண்டு. செடி நோஞ்சானாக இருந்தால் தண்டு ஐந்து சென்டிமீட்டர் ஆனதும் நறுக்கிவிடுங்கள். பூப்பது அதற்குப் பெரிய செலவு. திடமான செடியைப் பூக்க விடலாம். வெள்ளைப் பூ விரிந்ததும் முதலில் மகரந்தம் உதிரும். ஓரிரு நாள் கழித்தே நடுவிலுள்ள சூல்முடி குஞ்சம்போல் விரியும். அப்போது, வேறொரு செடியில் அன்று மலர்ந்த பூவிலிருந்து மகரந்தத்தைச் சிறு தூரிகையில் எடுத்துத் தடவ வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்தில் பூ கறுத்துக் காய்ந்து, சின்னக் கிண்ணம்போல் திறந்து, உள்ளே கறுப்பு விதைகள் மினுங்கும். லேசாகத் தட்டினாலும் சிதறிவிடும் என்பதால் அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டே தண்டை நறுக்குங்கள். முடிந்தால் அந்த வாரமே விதைத்துவிடுங்கள். அவ்வளவு புதிய விதை எந்தக் கடையிலும் கிடைக்காது.