நாடாளுமன்றமும் அரசும் ஒன்றல்ல: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாடாளுமன்றத்தையும் மத்திய அரசையும் ஒன்றெனக் கருதும் தவறு நம்மிடம் பரவலாக உள்ளது. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 75ஆவது பிரிவு. ஆட்சி நடத்துவது அமைச்சரவையின் வேலை. அதனிடம் கணக்குக் கேட்பதும், நம்பிக்கை இழந்தால் பதவியிலிருந்து இறக்குவதும் மக்களவையின் வேலை.

கணக்குக் கேட்பது எதிர்க்கட்சியின் பாடு என்று ஆளுங்கட்சி உறுப்பினர்களே எண்ணிவிடுகிறார்கள். அமைச்சராக இல்லாத ஆளுங்கட்சி உறுப்பினர் அரசின் அங்கம் அல்லர். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது ஏன் என்று 1957 டிசம்பரில் மக்களவையில் துருவிக் கேட்டவர், காங்கிரஸ் உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளாவின் விசாரணைக்குப் பின், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்க நேரிடலாம் என்பது உண்மையே. ஆயினும் அமைச்சரிடம் கேள்வி கேட்க அச்சட்டத்தில் தடை ஏதும் இல்லை.

கூட்டத்தொடரில் எத்தனை மசோதாக்கள் நிறைவேறின என்று எண்ணி அவையை மெச்சுவதும் பிழை. மசோதாவை நிலைக்குழுவுக்கு அனுப்பி, அதிகாரிகளையும் வல்லுநர்களையும் அழைத்து விசாரித்து, வரிவரியாக ஆராய்வதில்தான் உழைப்பு இருக்கிறது. தலா 31 உறுப்பினர்கள் கொண்ட 24 துறைசார் நிலைக்குழுக்கள் இதற்கென்றே உள்ளன. மூடிய அறைக்குள் கூடுவதால் அக்குழுக்களின் கூட்டங்கள் தொலைக்காட்சியில் வருவதில்லை.

பணத்தைப் பொறுத்தும் இதே கவனக்குறைவுதான். நாடாளுமன்றம் இயற்றும் சட்டமின்றி, மத்திய அரசின் வரி வருவாயும் கடனும் சேரும் கருவூலமான இந்தியத் தொகுப்பு நிதியத்திலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. ஆனால், பட்ஜெட் நாளில் வருமான வரிச் சலுகையைத் தேடும் நாம், பின்னர்ப் பல அமைச்சகங்கள் தம் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகள் நேரமின்மையால் விவாதமே இல்லாமல் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படும்போது கவனிப்பதில்லை. 'கில்லட்டின்' என்று அதற்குப் பெயர்; தலையைத் துண்டிக்கும் கருவியின் பெயர் அது, பொருத்தமான பெயர்தான்.

தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேடிப் போவது வாக்காளர் செய்யும் தவறு. அவை உள்ளாட்சியின் பொறுப்புகள். 1993இல் தொடங்கி இன்று ஆண்டுக்கு 5 கோடி ரூபாயாக உள்ள தொகுதி மேம்பாட்டு நிதி இக்குழப்பத்தை வளர்த்தது என்றே தோன்றுகிறது. உறுப்பினர் எழுப்பிய கேள்விகளும் அமைச்சர்கள் தந்த விடைகளும் மக்களவையின் இணையதளத்தில் உள்ளன. அடுத்த முறை அவர் வாக்குக் கேட்டு வருமுன் அவற்றைப் படித்துவைக்கலாம்.