ரெண்டு ஊருக்கு நடுவுல எவ்ளோ தூரம், பிளைட்ல எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போடலாம்

டிக்கெட்ல திங்கக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குக் கிளம்பி அதே திங்கக்கிழமை காலைல 10 மணிக்கு இறங்குறதா போட்டிருக்கும், மொத தடவை பாக்குறவங்க பிரிண்ட் தப்புன்னே நினைச்சுக்குவாங்க. தப்பே இல்லங்க, டோக்கியோவுல இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போற பிளைட்டுக்கு அப்படித்தான் வரும். இந்த ரெண்டு ஊரையே வச்சு பாப்போம்.

மொதல்ல தூரம். சுவத்துல மாட்டுற மேப்ல ஸ்கேல் வச்சு அளக்காதீங்க, உருண்டைய தட்டையா விரிச்சதால தூரமெல்லாம் இழுபட்டுப் போயிருக்கும். ஒரு குளோப் எடுங்க. டோக்கியோ மேல நூலோட ஒரு முனைய விரலால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு முனைய லாஸ் ஏஞ்சல்ஸ் வரைக்கும் விறைப்பா இழுங்க. ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகைலதான் இருக்கு, 35 டிகிரி பக்கம், ஆனா நூல் நேர் கிழக்கா நிக்காம தானா நழுவி மேல ஏறி 48 டிகிரி வரைக்கும் போயிட்டுதான் இறங்கும். எனக்கு இத எத்தனை தடவை பாத்தாலும் சலிக்காது. அட்சரேகையோடயே போனா 9,300 கி.மீ., நூல் போற வழில 8,800தான், 500 கி.மீ. மிச்சம்! அதே நீளத்துக்கு நூல பூமத்திய ரேகை மேல வச்சு எத்தனை டிகிரின்னு எண்ணி 111ஆல பெருக்குனா கி.மீ. கிடைச்சிரும். இதுக்கு 79 டிகிரி சொச்சம் வரும்.

அடுத்து நேரம். பெரிய ஜெட் விமானம் மேல ஏறுனப்புறம் மணிக்கு சுமார் 900 கி.மீ. போகும், அதால வகுங்க, ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறது, ஏறுறது இறங்குறது எல்லாத்துக்கும் முக்கால் மணி சேத்துக்குங்க. பத்தரை மணி வருதா? இப்போ காத்து. பத்து கி.மீ. உயரத்துல மேற்குல இருந்து கிழக்க ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு பலமான காத்து ஓடுது, வழி நெடுக சராசரியா 100 கி.மீ. வேகம்னு வச்சா போகும்போது 1,000, திரும்பும்போது 800, அதனாலதான் போறதுக்கு சுமார் 10 மணி நேரமும் வர்றதுக்கு 12 மணி நேரம் கிட்டயும் ஆகுது.

வான்வழி மூடியிருந்தா இந்தக் கணக்கு நிக்காது. 2022ல ரஷ்ய வான்வெளி அடைபட்டப்புறம் பின்லாந்துல இருக்குற ஹெல்சின்கில இருந்து டோக்கியோ போற நேரம் ஒன்பதரை மணில இருந்து 13 மணிக்குப் போயிருச்சு.

கடைசியா லோக்கல் டைம், எல்லாரும் சறுக்குறது இங்கதான். டிக்கெட்ல இருக்குற ரெண்டு நேரத்தையும் நேரடியா கழிக்கவே கழிக்காதீங்க. ரெண்டையும் யுடிசிக்கு, அதாவது உலகம் முழுக்க பொதுவா வச்சிருக்குற நேரத்துக்கு மாத்துங்க. டோக்கியோ 9 மணி முன்னாடி, அதனால சாயங்காலம் 5ங்கிறது யுடிசில காலைல 8. 10 மணி நேரம் கூட்டுனா சாயங்காலம் 6. லாஸ் ஏஞ்சல்ஸ் குளிர்காலத்துல 8 மணி பின்னாடி, ஆக காலைல 10. மார்ச்ல இருந்து நவம்பர் வரைக்கும் 7 மணிதான் பின்னாடி, அப்போ 11ன்னு வரும்.

நடுவுல பிளைட் மாறணும்னாலும் இதே வழிதான், மொத பிளைட் கிளம்புறதையும் கடைசி பிளைட் இறங்குறதையும் மட்டும் யுடிசில எழுதிக் கழிங்க, காத்திருக்குற நேரமும் அதுக்குள்ளயே வந்துரும்.