பழைய பேப்பர் மட்டும் போதும்: பிள்ளைகளோடு மணியும் கிண்ணமும் செய்யலாம்

லீவு விட்டதும் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித்தரலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் போவது ஸ்டேஷனரி கடைக்குத்தான். தெர்மாகோல், கிளிட்டர், கலர் பேப்பர், பசை டப்பா என்று ஒரு பை நிறைய வாங்கி வருகிறோம். இந்தச் செய்முறைக்கு அப்படி எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய காகிதம் போதும். கொட்டாங்குச்சி, பாட்டில் மூடி, முட்டை அட்டை எல்லாம் நல்ல பொருள்கள்தான். ஆனாலும் முதன்முதலாகத் தொடங்கும் வீட்டில் ஒரே பொருளை எடுத்து நன்றாகப் பழகுவதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். காகிதம் எந்தப் பக்கம் கிழியும், எந்தப் பக்கம் சுருளும், ஊறினால் என்ன ஆகும் என்று கையால் தெரிந்துகொண்ட பிள்ளை, அடுத்து என்ன செய்யலாம் என்று தானே சொல்ல ஆரம்பித்துவிடும்.

முதலில் காகிதத்தைப் பிரித்து வையுங்கள்

வழவழப்பான மாதக் காலண்டர், விளம்பர நோட்டீஸ், பழைய வாரப் பத்திரிகை ஒரு பக்கம். இவை நூலில் கோக்கும் மணி செய்ய. நியூஸ்பேப்பர், எழுதி முடித்த நோட்டு, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் இன்னொரு பக்கம். இவை கிண்ணம் செய்யும் காகிதக்கூழுக்கு. கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையைத் தனியே எடுத்து வையுங்கள். பசை தடவும்போது அடியில் வைத்துக்கொள்ளலாம். சாமி படம் போட்ட காலண்டரை வெட்ட மனசு வராது, வெட்டவும் வேண்டாம். துணிக்கடை, மளிகைக்கடை கொடுக்கும் இயற்கைக் காட்சிக் காலண்டர்களே போதும்.

ஏடிஎம் சீட்டு, பெட்ரோல் பங்க் ரசீது மாதிரி சூடு பட்டால் கறுக்கும் வழுவழுச் சீட்டுகளைச் சேர்க்காதீர்கள். அவற்றின் மேல் ரசாயனப் பூச்சு உண்டு, பிள்ளைகள் கையில் தேய்ந்து ஒட்டும். பிஸ்கட் கவர், உள்ளே பிளாஸ்டிக் ஒட்டிய பேப்பர் கப் ஆகியவை தண்ணீரில் எத்தனை நாள் கிடந்தாலும் முழுக்கக் கூழாகாது.

இதோடு சேர்த்து, பண்ருட்டிப் பக்கத்து வீடுகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அலங்காரத்துக்கு என்று தோட்டத்தில் கிடக்கும் முந்திரிக்கொட்டையைப் பொறுக்கி வந்தால் வாங்கி வைத்துவிடுங்கள். அந்தத் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் வெந்து புண்ணாகிவிடும். பலாக்கொட்டை, புளியங்கொட்டை பயமில்லாமல் கொடுக்கலாம்.

பசை காய்ச்சுவது

மூன்று மேசைக்கரண்டி மைதா, ஒரு டம்ளர் தண்ணீர். கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் மைதாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதித் தண்ணீர் கொதித்ததும் கரைசலை ஊற்றி, அடுப்பைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிப் பதம் வந்ததும் இறக்கிவிடலாம். ஆறினால் இன்னும் கெட்டியாகும். ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் வரும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவதுண்டு. அது விஷம். பிள்ளைகள் தொடும் பசையில் கூடவே கூடாது. காய்ச்ச நேரமில்லையா, குழைந்த சோற்றுப் பருக்கையை விரலால் மசித்தே ஒட்டலாம். பட்டம் விட்ட வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான்.

கிழிக்கும் விளையாட்டு: மூன்று வயதிலிருந்து

இது வெறும் முன்வேலைதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு முழு நியூஸ்பேப்பர் தாளைப் பிள்ளையிடம் கொடுத்து, மேலிருந்து கீழாக ஒரு முறை, இடமிருந்து வலமாக ஒரு முறை கிழிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மேலிருந்து கீழே கிழித்தால் நேர்கோடாக வரும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக ஓடும். எங்கள் பக்கத்து வீட்டுக் குட்டி இரண்டு துண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, “அத்தை, இது மட்டும் ஏன் நேரா போவுது?” என்று கேட்டாள். காகிதம் முழுக்க நார்தான். மில்லில் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. அந்தத் திசையோடு போனால் சுலபமாகக் கிழியும், எதிர்த்துப் போனால் முரண்டு பிடிக்கும் என்று சொன்னேன். ஒரு துண்டைக் கிழித்து விளிம்பை வெளிச்சத்தில் காட்டுங்கள். மெல்லிய முடி மாதிரி நார் நீட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரியும்.

நீளத் துண்டுகள் கிழித்தானதும் அவற்றைத் தபால்தலை அளவுக்குப் பொடியாகக் கிழித்து ஒரு பக்கெட்டில் போடச் சொல்லுங்கள். கூழுக்கான வேலை இங்கேயே தொடங்கிவிட்டது. ஒரு கிண்ணத்துக்கு நான்கைந்து முழுத் தாள் (நான்கு பக்கம் சேர்ந்தது ஒரு தாள்) போதும். கத்தரிக்கோல் வேண்டாம். கையால் கிழித்தால்தான் நார் வெளியே வரும், சீக்கிரம் ஊறும்.

காகித மணி: ஆறு வயதிலிருந்து

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றோரம் அரிக்கமேடு இருக்கிறது. கண்ணாடியிலும் கல்லிலும் மணி செய்து, ரோம் நாட்டோடு வாணிபம் செய்த ஊர். 1937-இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அங்கிருந்த உள்ளூர்ப் பிள்ளைகளிடமிருந்து பழங்கால மணிக்கற்களை வாங்கினார். 1945-இல் பிரிட்டிஷ் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். அந்த மணிகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நான் மணி சொல்லித்தரும்போதெல்லாம் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குவேன். நம் பக்கத்து மண்ணில் பிள்ளைகள் பொறுக்கி விளையாடிய பொருள் ஒரு பெரிய வரலாற்றைத் திறந்து விட்டது என்றால் பிள்ளைகளுக்குக் கேட்கவே உற்சாகமாக இருக்கிறது.

தேவையானவை: மாதக் காலண்டர் தாள், ஸ்கேல், பென்சில், கத்தரிக்கோல், மை தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபில், பசை, கொஞ்சம் தடித்த நூல்.

1. தாளை மெதுவாக இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்க்காமல் சுருள்கிறதோ, மணிக்காக வெட்டப்போகும் முக்கோணத்தின் நீளம் அந்தப் பக்கமாக ஓட வேண்டும். மாற்றி வெட்டினால் சுருட்டச் சுருட்ட விரிந்துகொள்ளும்.

2. நீளம் சுமார் 25 செ.மீ. வருமாறு தாளை வெட்டுங்கள். பின்பக்கம், ஒரு ஓரத்தில் 0, 2, 4, 6 செ.மீ. என்று புள்ளி வையுங்கள். எதிர் ஓரத்தில் 1, 3, 5, 7 என்று வையுங்கள். 0-லிருந்து எதிரே 1-க்கு, அங்கிருந்து இந்தப் பக்கம் 2-க்கு, மறுபடி எதிரே 3-க்கு என்று கோணலாகக் கோடு இழுத்துக்கொண்டே போனால் ஒல்லியான முக்கோணங்கள் கிடைக்கும். புள்ளி வைப்பதும் வெட்டுவதும் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளின் வேலை. சின்னவர்களுக்கு வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.

3. முக்கோணத்தின் அகலமான முனையை ரீஃபில்மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். படம் வெளிப்பக்கம் வர வேண்டும். இந்த முதல் சுற்றுக்குப் பசை கிடையாது. இங்கே பசை பட்டால் மணி ரீஃபிலோடு ஒட்டிக்கொள்ளும், உருவ வராது.

4. மீதி நீளத்துக்கு உள்பக்கம் மெல்லிசாகப் பசை தடவுங்கள். விரல் நுனியில் தொட்டு இழுத்தாலே போதும். வழிய வழிய வைத்தால் காகிதம் நைந்துவிடும்.

5. இறுக்கிச் சுருட்டுங்கள். இரண்டு பக்கமும் சம இடம் விட்டு, கூர்முனை நடுவில் வந்து முடிய வேண்டும். ஒரு பக்கமாக ஓடினால் இரண்டு சுற்றுப் பிரித்து நேராக்கிக்கொள்ளலாம், ஈரம் இருக்கும்வரை இடம் கொடுக்கும்.

6. முனையை அழுத்திப் பிடித்து ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். உடனே ரீஃபிலிலிருந்து உருவி, மிஞ்சிய ஊதுபத்திக் குச்சியில் கோத்து ஓர் இரவு காயவிடுங்கள்.

மணி காய்ந்ததும் பிள்ளைகளை ஒன்று கவனிக்கச் சொல்லுங்கள். நடுவில் தெரியும் நிறம், முக்கோணத்தின் கூர்முனையில் இருந்த நிறம். இரண்டு ஓரத்திலும் வரிவரியாகத் தெரிவது அதன் விளிம்பில் இருந்த நிறம். நீல வானமும் பச்சை வயலும் உள்ள ஒரே காலண்டர் தாளில் ஒரு மணி மாதிரி இன்னொரு மணி வராது. இது தெரிந்ததும் அடுத்த மணிக்கு எந்த இடத்தில் வெட்டினால் எந்த நிறம் வரும் என்று அவர்களே கணக்குப் போடுவார்கள். அந்த நேரத்தில் நாம் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

முக்கோணத்துக்குப் பதில் சம அகலத் துண்டு எடுத்தால் உருளை மணி வரும். 2 செ.மீ. மணி எட்டு இருந்தால் சின்னக் கைக்கு ஒரு வளையல் ஆகிவிடும். தண்ணீர் படக்கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் மணிகளை எட்டாத இடத்தில் வையுங்கள், வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கூழ்க் கிண்ணம்: வீடே சேர்ந்து செய்வது

முறத்துக்கும் கூடைக்கும் இடுக்கு அடைக்க, ஊறிய பேப்பரோடு வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து மெழுகுவது நம் பாட்டிமார் பழக்கம். அதே அரைப்பில் பானையைக் கவிழ்த்து வைத்துக் கூடையும் செய்வார்கள். வெந்தயத்தின் வழவழப்பு நாரைப் பிடித்துக்கொள்ளும், கசப்புக்குப் பூச்சி அண்டாது. காசு கொடுத்து வாங்கும் பசையை விட இது எனக்கு எவ்வளவோ மேல்.

கிழித்த துண்டுகளைத் தண்ணீரில் மூழ்கவிட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்றினால் வாடை வராது. முதல் நாள் இரவே இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தையும் தனியாக ஊறப்போடுங்கள்.

அரைக்கும் வேலை பெரியவர்களுடையது. மிக்ஸியில் ஒரு கைப்பிடி காகிதத்துக்கு நிறையத் தண்ணீர் விட்டு, விட்டுவிட்டு ஓடவிடுங்கள். கெட்டியாகப் போட்டால் மோட்டார் சூடேறும். அரைத்ததைத் துணியில் கொட்டிப் பிழியுங்கள். பிழிகிற வேலைக்குப் பிள்ளைகள் சண்டையே போடுவார்கள், முறை வைத்துக் கொடுங்கள். வடிந்த தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், கூழ் போய் அடைத்துக்கொள்ளும். வாசலில் கொட்டிவிடலாம்.

வெந்தயத்தை மைய அரைத்துக் கூழில் போட்டுப் பிசையுங்கள். பிடிகொழுக்கட்டை மாவுப் பதம் வரவேண்டும்: கையில் பிடித்தால் உருவம் நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் பழைய வேட்டித் துணியை நனைத்துச் சுருக்கமில்லாமல் போர்த்துங்கள். கூழை அடிப்பாகத்திலிருந்து தொடங்கி, அரை செ.மீ. கனத்துக்குத் தட்டிக்கொண்டே இறங்குங்கள். ஓரம் மெலிந்துவிட்டால் காயும்போது விரிசல் விடும், ஆகவே விளிம்பில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைத்து அழுத்துங்கள். கடைசியில் ஈரக் கையால் ஒரு தடவை மொத்தமாகத் தடவிக்கொடுங்கள்.

காயவைப்பதில்தான் பொறுமை வேண்டும். கூழ் காயக் காயச் சுருங்கும். முழுக்கக் காயும்வரை விட்டால் உள்ளே இருக்கும் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் முதல் நாள் நிழலில், காற்றாடும் இடத்தில் வையுங்கள். மறுநாள் லேசாக வெயிலில் வைத்து, தொட்டால் உறுதியாகவும் உள்ளே கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருக்கும் பக்குவத்தில் துணியோடு சேர்த்துக் கழற்றிவிடுங்கள். பிறகு துணியை உரித்து, கிண்ணத்தை நிமிர்த்தி உள்பக்கத்தையும் வெயிலுக்குக் காட்டுங்கள். கடலோரத்தில் நமக்கு உப்புக்காற்று, மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். இரவில் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். கையில் எடுத்தால் கனமே தெரியாமல், விரலால் தட்டினால் டொக்கென்று கேட்டால் காய்ந்துவிட்டது.

மேலே பெயின்ட் அடிக்க வேண்டியதில்லை. மணிக்கு வெட்டியபோது மிஞ்சிய காலண்டர் துண்டுகளைக் கிழித்துப் பசை தடவி ஒட்டலாம். கோலத்துக்கு வாங்கிய காவி வீட்டில் இருந்தால் பசையோடு குழைத்துப் பூசலாம், மண்பாண்ட நிறம் வந்துவிடும். சாவி, ரப்பர் பேண்ட், ஹேர்பின், மேலே செய்த மணிகள் எல்லாம் இதில் போட்டு வைக்கலாம். தின்பண்டம் மட்டும் வைக்காதீர்கள், நியூஸ்பேப்பரில் அச்சு மை இருக்கிறது.

பக்கத்தில் போய்ப் பார்க்க

கூழ் வேலை பிடித்துப்போன பிள்ளைகளுக்கு அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு: புதுச்சேரி திருக்கனூர்ப் பக்கம் காகிதக்கூழில் பொம்மை செய்கிறார்கள், அந்தக் கைவினைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. புதுச்சேரியில் 1959-இல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை, பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் காகிதம் செய்யும் இடம். துணியும் நார்தான், காகிதமும் நார்தான் என்று நாம் சொல்வதைப் பிள்ளைகள் அங்கே கிடைக்கும் தாளைத் தொட்டே புரிந்துகொள்வார்கள். கடலூரில் இருப்பவர்களுக்கு வண்டிப்பாளையம் இருக்கவே இருக்கிறது. நவராத்திரிக்கு முன்னால் போனால் கொலு பொம்மை வேலை மும்முரமாக நடக்கும்.

நம் வீட்டுக் கொலுவுக்கும் பிள்ளைகள் செய்த ஒன்று வேண்டும் என்று ஆசை இருந்தால் ஆவணி பிறந்ததும் கூழை ஊறப்போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிண்ணம் எதுவும் தொடங்க வேண்டாம், காய்வதற்குள் பூசணம் பூத்துவிடும். அந்த மாதங்களுக்கு மணிதான் சரி. ஈரக் காற்றிலும் ஓர் இரவு, அதிகம் போனால் இரண்டு இரவில் காய்ந்துவிடும்.