கொதிநீர் ஊற்று மாதிரி செய்கிறவர்களுக்கு

அறிவியல் கண்காட்சி நெருங்கும்போது பாளையங்கோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில், நிலத்தடியிலிருந்து வெந்நீர் விட்டுவிட்டுப் பீச்சும் கொதிநீர் ஊற்றின் மாதிரிகளைப் பார்த்துத் திருத்தப் போவேன். மாணவனாக நான் செய்த அதே கோளாறுகளைத்தான் புதிய பிள்ளைகளும் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, கோணல் அட்டை போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

வாயை அடைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். வகுப்பில் சொல்லப்படும் குக்கர் உவமையே காரணம். குக்கருக்கு மூடி உண்டு. ஊற்றின் வாயோ திறந்து கிடக்கிறது. குழாயில் நிற்கும் நீரின் எடைதான் அதற்கு மூடி. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிவிடும். அங்கே நீர் கொதிக்க 120 பாகை செல்சியஸ் வேண்டும். குமிழ்கள் குறுகிய கழுத்தில் திரண்டு மேல்நீரைக் கொஞ்சம் வெளியே தள்ளியதும் எடை குறைகிறது. உடனே அடிநீரில் ஒரு பங்கு சட்டென்று ஆவியாகி, மிச்சத்தை வானத்துக்கு வீசுகிறது.

ஒரு பள்ளியில் குழாய் நுனியை எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள். “அடைத்தால்தானே சார் அழுத்தம் ஏறும்?” என்றான் ஒருவன். ஏறத்தான் செய்தது. ரப்பர் அடைப்பான் பறந்து கூரையில் மோத, பக்கத்து மேசையின் பாபநாசம் அணை வெந்நீரில் ஊறிச் சரிந்தது. யார் மேலும் படவில்லை. கண்ணாடி வெடித்திருந்தால் கண் போயிருக்கும். இதை அங்கே உரக்கவே சொன்னேன்.

வெப்பம் தாங்கும் கூம்புக் குடுவை, ஒரு மீட்டர் ஒல்லிக் குழாய், திறந்த நுனியைச் சுற்றி ஒரு கிண்ணம் போதும். விழும் நீர் ஆறிக் குழாய்க்குள் இறங்கினால் மறுபடியும் பீச்சும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

சோடா மாவும் வினிகரும்

இரண்டையும் கலந்து நுரை பொங்க வைப்பதில் வெப்பமே இல்லை. வேண்டாம்.

பாறைக்குழம்பில் தண்ணீர் கொதிப்பதாக வரைவது

குழம்பு கீழே வெகு ஆழத்தில். அது சுட வைத்த பாறைதான் மழைநீரையும் பனிநீரையும் காய்ச்சுகிறது. உலகின் கொதிநீர் ஊற்றுகளில் ஏறத்தாழப் பாதி இருக்கும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில், பாறையிலிருந்து கரைந்த சிலிக்கா (மணலில் இருக்கும் கனிமம்) பாறை வெடிப்புகளின் உட்சுவரில் படிந்து கசிவை அடைக்கிறது. படத்தில் அந்தப் பூச்சை ஒருவரும் காட்டுவதில்லை.

ஊற்று ஓயாது என்று எழுதுவது

நியூசிலாந்தின் வைராக்கியில் 1958-இல் பூமிவெப்ப மின் நிலையம் தொடங்கியது. வெந்நீரை எடுக்க எடுக்க நிலத்தடி அழுத்தம் இறங்கி, அருகிலிருந்த ஊற்றுகள் அடங்கிவிட்டன.

நம்மூரிலும் பீச்சும் என்பது

போர்வெல் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தால் எரிமலை என்று பொருளில்லை. கிலோமீட்டருக்குச் சுமார் 25 பாகை ஏறுவது பூமியின் இயல்பு. நெல்லைச் சீமை போன்ற பழம்பாறை நிலத்தில் அதைவிடக் குறைவாகவே ஏறும். கல்லிடைக்குறிச்சிக்கு அடியில் பாறைக்குழம்பு என்று சிவப்பு வண்ணம் பூசாதீர்கள்.